இ.கே.3 சிவிக்கா, டேர்போ ஸ்டார்லெட்டா: எதை எடுத்தேன், எதற்கு எவ்வளவு போனது

நான் எடுத்த சிவிக் இப்போது உச்சி வெயிலிலும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. மேல் சுற்றில் வீடெக்கும் (சுற்று ஏறும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து வலு கூட்டும் ஹொண்டாவின் அமைப்பு) திறக்கிறது. "இந்த ரெண்டுல எத எடுக்கலாம் அண்ணே" என்று கேட்கும் பெடியன்களுக்கு இதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி இதைக் காட்டலாம்.

எனக்கு வேண்டியது இதுதான். 90களின் ஜப்பான் வண்டி, கையால் கியர் மாற்றுவது, சும்மா ஓட்டினாலே முகத்தில் சிரிப்பு வர வேண்டும், பிறகு மெல்ல மெல்லக் கைவைத்து மாற்றவும் இடம் இருக்க வேண்டும். கையில் நாற்பது இலட்சம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய வண்டிகளின் விலை ஏறியதுதான், பெரிதாக இறங்கவில்லை. 2025இல் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தாலும், இறக்கும் வண்டிக்கு வயதெல்லை இருப்பதால் 90களின் வண்டி இனிப் புதிதாக நாட்டுக்குள் வரப்போவதில்லை. இருக்கிறதற்குள்தான் தேட வேண்டும்.

தேடித் தேடிக் கடைசியில் இரண்டு வண்டி மிஞ்சியது. ஒன்று கல்முனைப் பக்கம் நின்ற ஈ.பி.82 வகை ரொயோட்டா ஸ்டார்லெட், 4இ-எஃப்.டி.இ டேர்போ எஞ்சினோடு (டேர்போ என்பது புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி), கேட்ட விலை 36 இலட்சம். மற்றது ஏறாவூரில் நின்ற இ.கே.3 வகை ஹொண்டா சிவிக் ஃபேரியோ, மூன்று நிலை வீடெக் உள்ள டி15பி எஞ்சின், ஐந்து கியர். கேட்ட விலை 42.

காகிதத்தில் பார்த்தால் ஸ்டார்லெட்டுக்குப் போட்டியே இல்லை. ஸ்டார்லெட்டின் எஞ்சின் 1,331 சி.சி., டேர்போவோடு 135 குதிரைவலு, முறுக்குவிசை 157 நியூட்டன் மீற்றர். வண்டியின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. சிவிக் ஒன்றரை லீற்றர், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 130 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கு மேல். அதைவிட முக்கியம், மாற்றுவதற்கு உள்ள இடம். டேர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி, எரிபொருளைச் சரிப்படுத்தினால் வலு சட்டென்று ஏறும். டேர்போ இல்லாத சிவிக்கில் ஹெடர், இன்டேக், சைலன்சர் என்று இரண்டு மூன்று இலட்சம் கொட்டினாலும் பத்துக் குதிரை கூடினால் பெரிய விசயம். பெரிதாக வேண்டுமென்றால் ஹொண்டாவின் வலுக்கூடிய பி16 எஞ்சினை இறக்க வேண்டும், அதற்கு இன்னொரு வண்டிக் காசு போகும். வேகம் மட்டும்தான் கணக்கென்றால் ஸ்டார்லெட்தான். இதை இன்றும் மறுக்க மாட்டேன்.

ஆனால் வண்டி ஓடப்போவது மட்டக்களப்பில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் 35 பாகையைத் தொடும். டேர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், ஸ்டார்லெட்டில் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. கல்முனை பஸாரில் கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு வெளியே வந்து அழுத்தினால், குளிர வேண்டிய காற்று எஞ்சின் சூட்டில் வெந்துதான் உள்ளே போகிறது. ஓட்டிப் பார்த்தபோதே தெரிந்தது: காலையில் பறந்த வண்டி மதியம் பாதி மனத்தோடு இழுத்தது. இன்னொன்று, அந்த எஞ்சின் ஜப்பானில் உயர் ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்தது. இங்கே 95 அடித்தே ஆக வேண்டும். அது எல்லாப் பெற்றோல் செட்டிலும் எந்த நேரமும் இருக்கும் என்று நம்பி மகா ஓயாப் பக்கம் போக முடியாது. சிவிக்கின் டி15பி சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின். 92இல் முனகாமல் ஓடும்.

இருந்தும் என் மனது ஸ்டார்லெட்டில்தான் கிடந்தது. அதை மாற்றியது வெயிலும் இல்லை, பெற்றோலும் இல்லை.

வண்டி பார்க்கப் போகும்போது காத்தான்குடியில் கராச் வைத்திருக்கும் ஒரு காக்காவையும் கூட்டிப் போயிருந்தேன். நான் நேரே பொனட்டைத் திறக்கப் போக, அவர் கையைப் பிடித்தார். "எஞ்சின மறுகா பாப்பம் தம்பி. முதல்ல புத்தகத்த எடுங்க." ஸ்டார்லெட்டின் பதிவுப் புத்தகத்தில் இருந்தது டேர்போ இல்லாத 4இ-எஃப்.இ எஞ்சின். பொனட்டுக்குள் இருந்தது டேர்போ எஞ்சின், வேறு எஞ்சின் நம்பர். யாரோ எப்போதோ ஹாஃப் கட் (பாதியாக வெட்டி இறக்கும் பழைய வண்டி) ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமலே விட்டிருக்கிறார்கள். எஞ்சின் மாற்றுவது குற்றமில்லை. பதியாமல் ஓடுவதுதான் வில்லங்கம். ஒரு விபத்து நடந்து காப்புறுதிக்காரர் வந்து நம்பரைப் பார்த்தால் அன்றைக்குத் தெரியும். இன்னொருவர் செய்யாமல் விட்ட காகித வேலையை நான் முடிக்க வேண்டும், அதற்கு அந்த எஞ்சின் இறக்குமதியான பத்திரம் வேண்டும். விற்றவரிடம் அது இல்லை.

அதற்குப் பிறகுதான் கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தோம். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, அக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சுழற்ற வேண்டும். அக்சிலேட்டரை மிதிக்காமல் பார்த்தால் எல்லாச் சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும். பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள். ஸ்டார்லெட்டில் வந்தது 148, 145, 118, 150 பி.எஸ்.ஐ. டேர்போ எஞ்சினுக்குக் கொம்பிரஷன் விகிதமே குறைவு என்பதால் 148 பற்றிக் கவலையில்லை. மூன்றாவது சிலிண்டர்தான் கதை. அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் 140க்கு ஏறியது. ஓயில் விட்டதும் ஏறினால் வால்வில் கோளாறில்லை, ரிங்கிலோ பிஸ்டனிலோ பிழை என்று அர்த்தம். டேஷ்போர்ட்டில் ஒட்டியிருந்த பூஸ்ட் (டேர்போ ஏற்றும் காற்றழுத்தம்) மீற்றர் 0.9 பார் வரை ஏறியதை ஓட்டும்போது பார்த்திருந்தேன். தொழிற்சாலை விட்டது 0.6 பாரைச் சுற்றித்தான். கூடிய பூஸ்ட், குறைந்த ஒக்டேன், சூட்டுக் காற்று: மூன்றும் சேர்ந்தால் முதலில் உடைவது பிஸ்டனின் ரிங் பிடிக்கும் விளிம்பு.

விற்றவர் நல்ல மனிதர், சோதிக்க விட்டார், தேத்தண்ணியும் தந்தார். அவருக்கும் அந்த 118 புதுச் செய்திதான்.

சிவிக்கில் 182, 178, 180, 176. ஹொண்டா அனுமதிக்கும் வித்தியாசம் 28 பி.எஸ்.ஐ. வரை, இங்கே இருந்தது ஆறு. புத்தகத்து நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒன்று. குறைகள் இல்லாமல் இல்லை. பின் சக்கர வளைவின் உள் விளிம்பில் துரு தொடங்கியிருந்தது (காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட விட்டால் பட்டி வைத்த இடம் பிடிக்காது, தெரிந்துவிடும்). வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. வீடெக் திறக்கவே இல்லை: எவ்வளவு சுற்று ஏறினாலும் சத்தம் மாறாமல் ஒரே இழுவை. அதையெல்லாம் சொல்லிப் பேசி 39½ இலட்சத்துக்கு முடித்தேன். இ.கே.3 தேடுகிறவர்களுக்கு ஒரு சொல்: சி.வி.டி. (தானியங்கி) கியர்பொக்ஸோடு வந்தவையும் இருக்கின்றன. நல்லதுதான், ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம்.

முதல் வேலை டைமிங் பெல்ட். டி15பியில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அதனால் வரலாறு தெரியாத பெல்ட்டோடு ஒரு கிலோமீற்றர் கூட அழுத்தி ஓட்ட நான் தயாரில்லை. பெல்ட், டென்ஷனர், வோட்டர் பம்ப், முன் ஓயில் சீல்கள் எல்லாம் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலிருந்து பஸ்ஸில் வந்தன, 41,000.

சாமான் வந்த பிறகுதான் உண்மையான சண்டை. பெல்ட்டை எடுக்கக் கிராங்க் புலியை, அதாவது எஞ்சின் தண்டின் நுனியில் உள்ள சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதன் நடு போல்ட் 17 மில்லிமீற்றர் தலை. இருபது வருடச் சூட்டில் இறுகிப் போயிருக்கும். நீளக் குழாய் போட்டு அழுத்தினால் எஞ்சின்தான் சுழல்கிறது. பக்கத்துக் கராச் தம்பி ஒருவர் பழைய வித்தையைச் சொன்னார்: பிரேக்கர் பாரை (போல்ட் கழற்றும் நீளக் கைப்பிடி) தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போல்ட் தானே கழரும். மற்ற வண்டிகளில் சரி. இந்த ஹொண்டா எஞ்சின் எதிர்ப்பக்கம் சுழலும், புலிப் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழி. அந்த வித்தையை இதில் செய்தால் போல்ட் இன்னும் இறுகும். தெரியாமல் தட்டியிருந்தால் பார் பறந்து யாருடைய காலையாவது பதம் பார்த்திருக்கும்.

சரியான வழி புலியை அசையாமல் பிடிப்பது. ஹொண்டா அதற்காகவே புலியின் நடுவில் 50 மில்லிமீற்றர் அறுகோணக் குழி வைத்திருக்கிறது. அதில் செருகும் கருவி இங்கே எந்தக் கடையிலும் இல்லை. வெல்டிங் கடையில் 10 மில்லிமீற்றர் தகட்டில் அறுகோணம் வெட்டி, நடுவில் சொக்கெட் நுழையத் துளை போட்டு, இரண்டடி நீளப் பட்டையில் ஒட்டித் தரச் சொன்னேன். 4,500 ரூபாய். முதல் தடவை அறுகோணம் தளர்வாக வந்தது. சுற்றிலும் ஒரு வரி வெல்டிங் போட்டு, அரத்தால் தேய்த்து, அடித்து உள்ளே போகும் அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பட்டையைச் சேசியில் முட்டவிட்டு, அரை அங்குலப் பாருக்கு மூன்றடிக் குழாய் மாட்டி, காக்காவும் நானும் சேர்ந்து தொங்கினோம். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், போல்ட் விட்டது. எடுத்த பெல்ட்டின் பல் அடியில் வெடிப்புகள். இந்தக் கருவி இப்போது ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டு கராச்காரர் வாங்கிப் போய்த் திருப்பித் தந்துவிட்டார்கள்.

பொனட் திறந்திருக்கும்போதே வால்வு இடைவெளியும் பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இன்டேக் 0.20, எக்ஸோஸ்ட் 0.25 மில்லிமீற்றர். இரண்டு எக்ஸோஸ்ட் வால்வு இறுக்கமாக இருந்தது. பிளக் 1.1 மில்லிமீற்றர் இடைவெளி, 18 நியூட்டன் மீற்றரில் இறுக்கினேன்.

அடுத்தது என்னை அலைக்கழித்த கோளாறு. காலையில் வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகும். அம்பாறை வரை ஓடிப்போய் வெயிலில் அரை மணி நிறுத்தினால் பிறகு சுழலும், பிடிக்காது. வெயில் தாழ்ந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரிப் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் பம்ப் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். பாவித்த பம்ப் 14,000, ஃபில்டர் 3,200. கோளாறு அப்படியே. அடுத்து, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றலாம் என்று கதை வந்தது. அங்கேதான் நிறுத்தினேன்: இனி அளக்காமல் எதையும் வாங்குவதில்லை.

சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினால் பின் இருக்கைப் பக்கம் பம்ப் இரண்டு வினாடி முனகி நிற்க வேண்டும். கோளாறு வந்த நேரத்தில் அந்த முனகல் இல்லை. மல்டிமீற்றரைப் பம்பின் வயரில் வைத்தேன். குளிரில் 12 வோல்ட், சூட்டில் சுழி. பம்புக்கு மின்சாரமே போகவில்லை. பம்புக்கு மின்சாரம் கொடுப்பது டேஷ்போர்ட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் மெயின் ரிலே என்ற மின் சுவிட்ச் பெட்டி. 90களின் ஹொண்டாக்களில் இதன் உள்ளே ஈய ஒட்டு வெடிப்பது உலகறிந்த நோய். வண்டிக்குள் சூடு ஏற ஏற வெடிப்பு விரிந்து தொடுப்பு விட்டுப்போகும். குளிர்ந்தால் திரும்பச் சேரும்.

உறுதிப்படுத்த ஒரு சின்ன வழி கிடைத்தது. விடியற்காலை, வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, தங்கச்சியின் ஹெயார் ட்ரையரால் ரிலேயை மட்டும் சூடாக்கினேன். சில நிமிடத்தில் பம்ப் ஊமையாகிவிட்டது. கோளாறைக் கைக்குள் கொண்டுவந்தாயிற்று.

ரிலேயைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட். பிளாஸ்டிக் மூடியின் கொளுக்கிகளை மெல்லிய திருப்புளியால் நெம்பினால் உள்ளே மின்சுற்றுப் பலகை. கைபேசி வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்த்தால் தடித்த கால்களைச் சுற்றி மயிரிழை போல வட்ட வெடிப்பு. கல்லடியில் ரேடியோ, டீவீ திருத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃபிளக்ஸ் தடவி, எல்லாக் காலுக்கும் புது ஈயம் வைத்தார். பழைய ஈயத்தின் மேலேயே உருக்கி ஊற்றினால் கொஞ்சக் காலத்தில் திரும்ப வெடிக்கும். கூலி 600 ரூபாய். மாட்டி, ஹெயார் ட்ரையரை அதேபோலப் பிடித்தேன். பம்ப் முனகியது. முதலில் போன 17,200 ரூபாயைப் பற்றி இனிப் பேசுவதில்லை.

வீடெக் அவ்வளவு சிரமம் தரவில்லை. பயணி பக்கம் டேஷ்போர்ட்டுக்குக் கீழே நீல நிற இரட்டைக் கால் கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னிக் குறியீடு சொல்லும். நீள மின்னல் பத்து, குறு மின்னல் ஒன்று. வந்தது 22, அதாவது வீடெக் ஓயில் அழுத்த சுவிட்ச். வீடெக்குக்கு ஓயிலைத் திறந்துவிடும் சொலினோயிட்களின் (மின்வால்வுகள்) மின்தடை 14 முதல் 30 ஓம்ஸுக்குள் இருக்க வேண்டும். இருந்தது. 12 வோல்ட் கொடுத்தால் டக் என்று அடித்தது. ஆக மின்சாரத்தில் பிழையில்லை, ஓயில்தான் போய்ச் சேரவில்லை. சொலினோயிட் பெட்டியைக் கழற்றினால் வலை பதித்த கேஸ்கெட் கறுப்புச் சேற்றால் அடைத்துக் கிடந்தது. ஓயிலை மாற்றாமல் காலம் தள்ளிய வண்டி. புதுக் கேஸ்கெட் 5,200, போல்ட்டுகளை 12 நியூட்டன் மீற்றரில் சமமாக இறுக்கினேன். 10டபிள்யூ-30 ஓயில் ஃபில்டரோடு 3.3 லீற்றர் பிடித்தது. ஆயிரம் கிலோமீற்றரில் அதையும் வடித்துவிட்டுத் திரும்பப் புதிது ஊற்றினேன், உள்ளே மிஞ்சிய சேறு வரட்டும் என்று. இப்போது மேல் சுற்றில் சத்தம் மாறி வண்டி முன்னே பாய்கிறது. தண்ணீர் 60 பாகைக்கு மேல் சூடாகும் வரை திறக்காது, அதையும் கோளாறென்று நினைத்துவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் "மாற்றம்" என்று சொல்லக்கூடியது தொடங்கியது. பெடியன்கள் முதலில் கேட்பது சைலன்சர். அதில் நான் கைவைக்கவே இல்லை. பொலிஸ் மறித்தால் முதலில் காதில் விழுவது அதுதான். வருடா வருடம் வரி லைசன் எடுக்க முன் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. பம்பருக்குள் ஃபில்டரை இறக்கும் குளிர்காற்று இன்டேக்கும் வேண்டாம் என்று விட்டேன். மார்கழி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த உயரத்தில் ஃபில்டர் இருந்தால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சி கொன்ரொட்டை (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைத்துக்கொள்ளும். தொழிற்சாலைப் பெட்டியே போதும், உள்ளே புதுக் காகித ஃபில்டர் போட்டேன்.

காசைப் போட்டது ரயர், பிரேக், ரேடியேட்டரில். வண்டியில் இருந்தது 185/65ஆர்14. அதற்குப் பதில் 195/55ஆர்15. கணக்குப் போட்டால் இரண்டு ரயரின் விட்டமும் 596 மில்லிமீற்றரை ஒட்டி, ஒரு மில்லிமீற்றர் கூட வித்தியாசமில்லை. ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது. பாவித்த அலோய் ரிம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 4×100 (100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு போல்ட்) என்றால் ரொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் போல்ட் ஓட்டை ஒன்றுதான், ஆனால் நடு ஓட்டை ரொயோட்டாவுக்கு 54.1, ஹொண்டாவுக்கு 56.1. ஸ்டார்லெட்டுக்குரிய ரிம் சிவிக்கின் ஹப்பில் உட்காராது. சிவிக்கின் ரிம் ஸ்டார்லெட்டில் உட்காரும், ஆனால் இடையில் வளையம் போடாவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும். ரிம்மும் ரயரும் சேர்த்து 1,92,000. முன் டிஸ்க், பாட், டொட் 4 பிரேக் ஓயில் 31,000. ரேடியேட்டரைப் புதிதாகவே வாங்கினேன், தேர்மோஸ்டாட்டோடு 29,500.

இந்த மூன்றையும் போட்டபிறகு செங்கலடியில் திரும்பி ஏ5இல் பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறிப் பார்த்தேன். இ.கே.யின் முன்னும் பின்னும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் (சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு). வளைவுக்கு வளைவு அது வேலை செய்வது ஸ்டியரிங்கில் தெரிகிறது. நம் ஊர் நேர் சாலையில், 70 கிலோமீற்றர் வேக எல்லைக்குள், 130 குதிரைக்கே இடம் போதாது. ஏற்றத்தில் ஏ.சி. போட்டபடியே ஏறியும் சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. அதே ஏற்றத்தில் அந்த ஸ்டார்லெட் என்ன செய்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் கியரில் என்னை விழுங்கிவிட்டுப் போயிருக்கும், மூன்றாவது சிலிண்டர் விடும்வரை. புத்தகத்தில் டேர்போ என்றே பதிந்த, யாரும் பூஸ்ட் கூட்டாத ஒரு அசல் ஸ்டார்லெட் ஜீ.டி. என் முன்னால் வந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும்.

வண்டி விலையை விட்டால் இதுவரை போனது மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்குக் கிட்ட. இன்னொரு முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். மல்டிமீற்றரும் (3,800) கொம்பிரஷன் கேஜும் (6,500) முதல் நாளே வாங்குவேன், பம்ப் வாங்க மாட்டேன். ரிலேயைக் கோளாறு வரும்வரை காத்திராமல் வண்டி எடுத்த கிழமையே ஈயம் வைத்துவிடுவேன். பெல்ட் மாற்றும்போதே ரேடியேட்டரையும் மாற்றியிருந்தால் கூலன்ட் இரண்டு தடவை வடித்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது பின் சக்கரத்தைப் பிடிக்கும் ட்ரெயிலிங் ஆர்மின் ரப்பர் புஷ். ரப்பர் வெடித்திருக்கிறது, வேகமாகப் பாதை மாற்றினால் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வருகிறது. பொலியூரித்தேன் போடு என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் புஷ் எல்லாப் பக்கமும் வளைய வேண்டிய இடத்தில் இருப்பதால் நான் அசல் ரப்பரையே சொல்லி வைத்திருக்கிறேன், சோடி 18,000. அழுத்தி எடுக்கப் பிரஸ் வேண்டும், காக்காவின் கராச்சில் இருக்கிறது. அதைக் கழற்றும்போது சக்கர வளைவின் துருவையும் சுரண்டிப் பிரைமர் அடிக்க வேண்டும். கல்லடிக் கடற்காற்று அதற்கு மேல் விட்டுவைக்காது.